மலையிலிருந்து இறங்கிய தூன்

ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில், டே ஆற்றங்கரையில், டன்கெல்ட் என்றொரு சிற்றூர். பாதி கூரையிழந்த பழைய தேவாலயம், 1809-இல் டெல்ஃபோர்டு கட்டிய கற்பாலம், சின்னதாய் ஒரு கடைத்தெரு. ஊரைப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். பெயரைப் பார்க்கத்தான் மலையேற வேண்டும்.

ஊருக்கு மேற்கே, ஆற்றை ஒட்டி எழும் பாறைக்குன்றுக்குக் கிங்ஸ் சீட் என்று பெயர், அரசன் இருக்கை. பாதை முழுக்கக் காடு. மூச்சு வாங்கும், முழங்கால் கெஞ்சாது. உச்சியை நெருங்கும்போது வயல் வரப்பு மாதிரி ஒரு மேடு குறுக்கே கிடக்கும். மேலே பாசி, ஊடே மரவேர். யோசிக்காமல் தாண்டிவிடுவோம். அதுதான் மதில். 2017 முதல் 2019 வரை ஊர்மக்களும் கைகொடுத்த அகழாய்வில் உலோகம் உருக்கிய மண்மூசைகளும், கடல் கடந்து வந்த பானையோடுகளும் இங்கே கிடைத்தன. பிக்ட் இனத் தலைவர்கள் ஆண்ட இடம். மரங்கள் விட்ட இடைவெளியில் பள்ளத்தாக்கும் ஆறும் தெரிகின்றன. காவலுக்கு நின்றவன் கண்ணுக்குத் தப்பி எவரும் இந்த வழியே வந்திருக்க முடியாது.

இத்தனை மரங்களைப் பார்த்ததும் பெயருக்கு ஒரு பொருள் தோன்றும். ஊரின் கேலிக் மொழிப் பெயர் ‘தூன் ஹால்யன்’. ‘தூன்’ என்றால் கோட்டை. ‘கோல்ய’ என்றால் காடு. ஆக, காட்டுக்கோட்டை! பலரும் சொல்வது இதைத்தான். கேட்கவும் நன்றாக இருக்கிறது. சொல்லாராய்ச்சியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இப்படி நன்றாக இருப்பதைத்தான். இங்கே ஓங்கி நிற்கும் லார்ச் மரங்களே பிற்காலத்தவை. 1738-இல் ஆல்ப்ஸ் பக்கமிருந்து கன்றாக வந்தவற்றின் வம்சம். அதோல் பிரபுக்கள் நட்டு வளர்த்தார்கள். கை எட்டாத பாறை இடுக்குகளுக்கு விதையைப் பீரங்கியில் அடைத்துச் சுட்டார்கள் என்றுகூட ஒரு கதை உண்டு. பொய்யாக இருந்தாலும் விட மனம் வராத கதை.

காட்டுக்கோட்டையைக் கவிழ்ப்பது ஓர் எழுத்து. 865-இல் இங்கிருந்த மடத்தலைவர் இறந்ததை அயர்லாந்தின் அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்புகள் பதிந்திருக்கின்றன. அங்கே ஊர்ப்பெயரின் கடைசியில் ஒரு ‘ன்’ இருக்கிறது. ‘காட்டின்’ என்று பொருள்படும் பழைய வேற்றுமை வடிவத்தில் அந்த ‘ன்’ வராது. ‘கலிடோன்களின்’ என்றால் வரும். கலிடோன்கள் ரோமானியரை எதிர்த்து நின்ற வடபுலக் குடியினர். ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதிய கலிடோனியா இவர்கள் நாடு. 1926-இல் வெளிவந்த ஸ்காட்லாந்து இடப்பெயர் நூலில் டபிள்யூ. ஜே. வாட்சன் இந்த வழியைத்தான் பிடித்தார். அவருக்குக் கைகொடுத்தவை பக்கத்திலேயே இருந்த இரண்டு பெயர்கள். ஆற்றுக்கு அக்கரையில், ஷேக்ஸ்பியர் நாடகத்தில் நடந்து வரும் பர்னம் காட்டுப் பக்கம், ரோஹாலியன்: கலிடோன்களின் வட்டக்கோட்டை. வடமேற்கே தள்ளி ஷிஹாலியன்: கலிடோன்களின் தேவதைக் குன்று. குடி போய்விட்டது, ஒரு கோட்டை, இன்னொரு கோட்டை, ஒரு மலை என மூன்று இடத்தில் பெயரை விட்டுப் போயிருக்கிறது.

ஷிஹாலியனைப் பற்றி ஒன்று சொல்லாமல் தாண்ட முடியவில்லை. 1774-இல் வானியலாளர் மாஸ்கலின் அந்த மலையருகே தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, மலை அதை எவ்வளவு இழுக்கிறது என்று அளந்தார். பூமியின் எடையைக் கணிக்கத்தான். கணக்குப் போட்ட ஹட்டன், ஒரே உயரமுள்ள புள்ளிகளை இணைத்துக் கோடு இழுத்தார். தமிழில் ‘கோடு’ என்பதற்கு மலையுச்சி என்றும் பொருள் உண்டென்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அதே 1774-இல்தான் கேப்டன் குக் பசிபிக் தீவொன்றுக்கு நியூ கலிடோனியா என்று பெயர் வைத்தார்.

இனி ‘தூன்’. கெல்டிய மொழிகள் வழங்கிய இடமெல்லாம் இந்தச் சொல் மலைமேல் உட்கார்ந்திருக்கிறது. பிரான்ஸின் லியோன் நகரம் பழைய லுக்டூனம். வெர்டன் பெயரின் வாலில் அதேதான். சுவிட்சர்லாந்தின் தூன் நகரம் வாலும் தலையும் இல்லாமல் வெறும் கோட்டை. வேல்ஸ் மொழியில் ‘தின்’ என்று திரிந்து, அதிலிருந்து பிறந்த ‘தினாஸ்’ இன்று நகரத்தைக் குறிக்கிறது. கோட்டைக்குள் இருந்தவர்கள் பெருகி வெளியே வந்தபோது சொல்லும் கூடவே இறங்கி வந்திருக்கிறது.

ஜெர்மானிய மொழிகளுக்கு இது கடனாகப் போனதா, பங்காளிச் சொல்லா என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு இருக்கிறது. எப்படிப் போயிருந்தாலும் ஒலி மாற்றம் ஒழுங்கானது. கேலிக்கில் இரண்டுக்கு ‘தா’, ஆங்கிலத்தில் ‘டூ’, ஜெர்மனில் ‘த்ஸ்வை’. பத்துக்கும் அப்படியே: ‘தெய்ஹ்’, ‘டென்’, ‘த்ஸேன்’. இதே தடத்தில் ‘தூன்’ ஜெர்மனில் ‘த்ஸவுன்’ ஆகிறது, பொருள் வேலி. டச்சு மொழியில் ‘டெய்ன்’. வேலிக்குள் இருக்கும் தோட்டம். பழைய ஆங்கிலத்தில் ‘டூன்’. வேலியிட்ட பண்ணை, பிறகு நாலு வீடு சேர்ந்த ஊர், பிறகு நகரம். அதாவது ‘டவுன்’.

இந்த டவுன் கப்பலேறி நம்மிடமும் வந்துவிட்டது. டவுன் பஸ் என்பதை ஆங்கிலமென்று யாரும் நினைப்பதுகூட இல்லை. திருநெல்வேலியில் அது பொதுச்சொல் நிலையையும் கடந்து தனிப்பெயராகிவிட்டது. ஜங்ஷனில் நின்றுகொண்டு ‘டவுனுக்குப் போகணும்’ என்றால் வேறெந்த நகரமும் அல்ல. நெல்லையப்பர் கோயில் மதிலும் அதைச் சுற்றிய நான்கு ரதவீதிகளும் சேர்ந்த இடம். மதில் இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் சொல் வந்து உட்கார்ந்திருக்கிறது.