முத்துக் கழுவின ஊரில் காரு கழுவின கதை

போன பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ நடந்த சம்பவத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்தப் போறேன், பொறுத்துக்கோங்க மக்களே.

புது காரு. அதுவும் முத்து வெள்ளை கலர். தூத்துக்குடிக்காரன் வேற என்ன கலர் எடுப்பான்? காலங்காத்தால டியூபை மாட்டி, பைப்பைத் தொறந்து விட்டுட்டு, பாட்டை முணுமுணுத்துக்கிட்டே கழுவிக்கிட்டு இருந்தேன். வாசப்படியில உக்காந்திருந்த ஆச்சி ரொம்ப நேரமா ஒண்ணும் சொல்லல. கடைசியா ஒரே ஒரு கேள்வி:

"ஏல, எத்தன கொடம் ஆச்சுலே?"

நமக்கு லிட்டர் தெரியும், ஜிபி தெரியும். கொடக் கணக்கு எங்க தெரியுது? வெக்கமா போச்சு. உடனே ஒரு 15 லிட்டர் பக்கெட்டை டியூப் அடியில வச்சு, செல்போன்ல நேரம் பாத்தேன். சரியா ஒரு நிமிஷத்துல நெறஞ்சிடுச்சு. நான் தொறந்து விட்டிருந்தது 12 நிமிஷம். அதாவது 180 லிட்டர். எங்க வீட்டு பிளாஸ்டிக் கொடத்துக்கு 12 கொடம்.

"பன்னெண்டு ஆச்சி."

"குரூஸ் பர்னாந்து கொண்டாந்த தண்ணியில காரு குளிக்குது. நல்லா இருங்கடே" அப்படின்னுட்டு எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க.

இந்தப் பதிவு அந்த ஒரு வரியால வந்ததுதான்.

உப்பு ஊரு

வெளியூர் மக்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். உப்பு உற்பத்தியில குஜராத்துக்கு அடுத்து நம்ம ஊருதான். ஊரைச் சுத்தி உப்பளம். கிழக்கே கடல். கொண்டல் காத்து அடிச்சா போதும், மொட்டை மாடியில காயுற துணி கூட லேசா பிசுபிசுக்கும். இதோட துறைமுகத்துல இறங்குற நிலக்கரித் தூசி வேற. 1974ல புதுத் துறைமுகம் வந்துச்சு. 2011ல அதுக்கு வ.உ.சி. பேரு வச்சாங்க. கரியும் உரமும் இறங்குற பெரிய துறைமுகம் பக்கத்துல இருந்தா, காரு மேல என்ன படியும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

இந்த ரெண்டும் காருக்கு ரெண்டு விதமான எதிரி. கரித்தூசி மேல இருந்து கெடுக்கும். காஞ்ச துணியை எடுத்து பானெட்டைத் துடைச்சோம்னா உப்புத்தாளை வச்சுத் தேய்ச்ச மாதிரி. வெயில்ல பாத்தா வட்ட வட்டமா சிலந்தி வலை மாதிரி கீறல் தெரியும். காரோட மேல் வார்னிஷ் பூச்சு சுமார் 40, 50 மைக்ரான்தான். நம்ம தலைமுடியை விட மெலிசு. பாலிஷ் போட்டு கீறலை எடுக்குறதுன்னா அந்தப் பூச்சையே கொஞ்சம் சீவி எடுக்குறதுதான். எத்தனை தடவை சீவ முடியும்?

உப்பு கீழ இருந்து கெடுக்கும். சோத்து உப்புக்கு ஒரு குணம் உண்டு. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா தண்ணியை இழுத்து தானே கரைஞ்சுக்கும். கடல் உப்புல கூடவே இருக்குற மெக்னீசியம் குளோரைடு அதை விடக் குறைஞ்ச ஈரத்துலயே இழுக்கும். அதனாலதான் மழையே பெய்யாத மாசத்துல கூட நம்ம ஊரு வண்டிக்கு அடியில ஈரம் இருந்துக்கிட்டே இருக்கு. ஈரம், உப்பு, காத்து, இரும்பு. இந்த நாலும் சேந்தா துரு.

எங்க அப்பாவோட பழைய மாருதி 800 இதுக்கு சாட்சி. அப்பா தினமும் துடைப்பாரு. மேல கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு நாள் டிரைவர் சீட்டுக்கு அடியில மிதியடியைத் தூக்கினா ரோடு தெரியுது! மெக்கானிக் அண்ணாச்சி குனிஞ்சு பாத்துட்டு சொன்னாரு: "மேல மாப்பிள்ளை மாதிரி வச்சிருக்கீக, கீழ ஒரு நாளாவது தண்ணி காட்டினீகளா?" அப்பா பதில் சொல்லல. எங்க ஊர்ல காரு கழுவுறதுன்னா முதல்ல அடிப்பக்கம், சக்கர வளைவுக்கு உள்ள, கதவுக்குக் கீழ். அழகு அதுக்கு அப்புறம்தான். இது அன்னைக்குக் கத்துக்கிட்ட பாடம்.

எந்தத் தண்ணி?

சரி, கழுவணும். எந்தத் தண்ணியில? இங்கதான் சரித்திரம் வருது.

எங்க ஊர்ல தண்ணியில ரெண்டு சாதி: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. கடலோரத்துல போர் போட்டா பெரும்பாலும் உப்புத் தண்ணிதான். அதுல கழுவி அப்படியே காய விட்டா வெள்ளை வெள்ளையா புள்ளி விழும். கால்சியமும் மெக்னீசியமும் கண்ணாடியில உக்காந்துக்கிட்டு போகவே போகாது. ஆக, கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணி வேணும். நல்ல தண்ணின்னா தாமிரபரணி.

தாமிரபரணி தூத்துக்குடிக்குள்ள ஓடல. ஊருக்குத் தெற்கே புன்னைக்காயல் பக்கம் போய் கடல்ல கலக்குது. போர்த்துக்கீசியர், அப்புறம் 1658ல இருந்து டச்சுக்காரர், கடைசியா 1825ல நிரந்தரமா இங்கிலீஷ்காரன்னு எத்தனையோ பேரு இந்தத் துறையை ஆண்டாங்க. முத்து எடுத்தாங்க, சங்கு எடுத்தாங்க, பஞ்சு ஏத்தினாங்க. ஆனா ஊரு சனங்க நல்ல தண்ணிக்கு அலைஞ்சுக்கிட்டேதான் இருந்தாங்க. பஞ்ச காலத்துல ரயில்ல தண்ணி கொண்டு வந்து ஊத்தியிருக்காங்க. ஆச்சியோட அம்மா, ஒரு தவலைத் தண்ணிக்கு விடிய விடியக் காத்துக் கெடந்த கதையை சொல்லிச் சொல்லியே ஆச்சியை வளத்திருக்காங்க.

இதை மாத்தினவர்தான் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து. 1869ல பொறந்தவர். 1909ல முதல் தடவையா நகர்மன்றத் தலைவர் ஆனாரு. மொத்தம் அஞ்சு தடவை அந்த நாற்காலியில இருந்தாரு. வல்லநாட்டுப் பக்கம் தாமிரபரணியில இருந்து தண்ணி எடுத்து, கிட்டத்தட்ட இருபத்தஞ்சு முப்பது கிலோமீட்டர் குழாய் பதிச்சு ஊருக்குக் கொண்டு வர்றது அவரோட கனவு. 1927ல அந்தத் தண்ணி ஊருக்குள்ள வந்துச்சு. 1930ல அவர் போய்ச் சேந்துட்டாரு. தான் கொண்டு வந்த தண்ணியை மூணே வருஷம்தான் பாத்திருக்காரு மனுசன்.

முதல் தலைவர் பதவிக்கும் குழாய்த் தண்ணிக்கும் நடுவுல 18 வருஷம். நம்ம ப்ராஜெக்ட்ல மூணு மாசம் தள்ளிப் போனாலே ஆளாளுக்கு மெயில் தட்டி சண்டை போடுறோம்.

அதுக்கு அப்புறம் ஊரு வளந்துச்சு. உரத் தொழிற்சாலை, அனல்மின் நிலையம், துறைமுகம்னு எல்லாருக்கும் அதே ஆத்துத் தண்ணிதான். ஆத்தோட கடைசி அணை ஸ்ரீவைகுண்டம். அங்க இருந்து ஆலைகளுக்குப் போன தண்ணிக்கும் வாழைக்கும் நெல்லுக்கும் வேண்டிய தண்ணிக்கும் நடுவுல விவசாயிகள் போராட்டம், வழக்குன்னு பெரிய கதையே இருக்கு. டியூபைத் தொறக்குறப்போ இந்த வரிசையில நானும் ஒரு ஆளா போய் நிக்கிறேன்னு அதுவரைக்கும் எனக்குத் தோணினதே இல்ல.

முத்துக் கழுவுறது

கழுவுறது எங்க ஊருக்குப் புதுசில்லங்க. ஒரு காலத்துல எங்க ஊரோட பெரிய தொழிலே கழுவுறதுதான். முத்துக் குளிக்கிறவங்க கடல்ல முங்கி சிப்பியை எடுத்துட்டு வந்தா உடனே முத்து கையில வந்துடாது. சிப்பியைக் குவிச்சு ஒரு வாரம், பத்து நாள் அழுக விடுவாங்க. ஈ மொய்க்கும், ஊரே நாறும். அப்புறம் மரத்தொட்டியில, இல்லேன்னா பழைய வள்ளத்துல போட்டு, கடல் தண்ணியை ஊத்தி ஊத்திக் கழுவுவாங்க. ஓடு போயி, சதை போயி, அடியில மண்ணோட மண்ணா முத்து நிக்கும். கழுவுற கூலியாட்கள் முத்தை வாயில போட்டுடக் கூடாதுன்னு மேல ஒருத்தர் நின்னு பாத்துக்கிட்டே இருப்பாரு. அப்புறம் அளவு பிரிக்க பித்தளைச் சல்லடை. சிறுசு பெருசுன்னு ஒண்ணுக்குள்ள ஒண்ணா பத்து சல்லடை.

அதுல உழைச்சவன் கையில தங்கினது நாத்தம். முத்து போனது ராசா கழுத்துக்கு. 1961க்கு அப்புறம் எங்க கரையில முத்துக் குளிப்பே நடக்கல. 1973ல தூத்துக்குடியில மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துல அழகர்சாமிங்கிற விஞ்ஞானி நம்ம நாட்டுல உருண்டை வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினாரு. அது தனிப் பதிவா எழுத வேண்டிய விஷயம்.

ஒரு வேடிக்கை பாருங்க. என் காரோட முத்து வெள்ளையில முத்து கிடையாது. 17ஆம் நூற்றாண்டுல பாரீஸ்ல மீன் செதில்ல இருந்து பளபளப்பை எடுத்து போலி முத்துக்குப் பூசினாங்க. இப்போ காரு பெயிண்டுல இருக்குறது பெரும்பாலும் அபிரகத் துகள். மெலிசான அபிரகத் தகட்டு மேல டைட்டானியம் டை ஆக்சைடு பூசியிருப்பாங்க. அடுக்கடுக்கான பரப்புல ஒளி பட்டுத் திரும்புறதால அந்த மினுமினுப்பு. சிப்பி தன் முத்து மேல சுண்ணாம்பு அடுக்கை ஒண்ணு மேல ஒண்ணா கட்டுறதும் இதே வித்தைதான். சிப்பிக்கு வருஷக்கணக்கு ஆகும், பெயிண்ட் கடைக்கு ஒரு மத்தியானம் போதும்.

காரு பெயிண்டும் ஒரு காலத்துல சிப்பி வேகத்துலதான் இருந்துச்சு. 1920கள் வரைக்கும் வார்னிஷை அடுக்கடுக்கா பூசி காய வைக்கவே வாரக்கணக்குல ஆகும். 1920கள் நடுவுல டூபாண்ட் கம்பெனியோட டூக்கோ லாக்கர் வந்த பிறகுதான் சீக்கிரம் காயுற கலர் காருங்க பெருகிச்சு. காரு மேல போடுற பேர் போன கர்னூபா மெழுகு எது தெரியுமா? பிரேசில் நாட்டுப் பனை ஒண்ணோட ஓலையில படியுற மெழுகு. நம்மூரு பனைக்கு ஒரு தூரத்துச் சித்தப்பா. ஈரம் துடைக்கிற ஷாமி தோலை மீன் எண்ணெயில பதப்படுத்துவாங்க. மீனும் பனையும்! எங்க போனாலும் நம்ம கடற்கரை விட மாட்டேங்குது.

ரொம்பத் தண்ணி

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறிச்சு, திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்துல பயணிகளோட மாட்டிக்கிச்சு. எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி. அப்பாவோட மாருதி ரெண்டு நாள் முங்கிக் கெடந்துச்சு. தண்ணி வடிஞ்சப்புறம் சீட்டுக்குள்ள எல்லாம் சேறு. வீட்டைச் சுத்தி தண்ணி, குடிக்க ஒரு சொட்டு இல்ல. ஆச்சி அந்த நாலு நாளும் கொடத்தை எண்ணி எண்ணித்தான் செலவழிச்சாங்க. மாருதியைக் கழுவலாம்னு அப்பா பக்கெட்டை எடுத்தாரு. அப்புறம் பாத்துட்டு வச்சிட்டாரு. குடிக்க வச்சிருந்த தண்ணி அது. மாருதி அப்படியே போயிடுச்சு.

இப்போ நான் கழுவுற விதம்

டியூப் கிடையாது. மொத்தம் நாலு பக்கெட். போர் தண்ணி ரெண்டு: ஒண்ணு அடிப்பக்கத்துக்கும் சக்கரத்துக்கும், இன்னொண்ணு மேல ஊத்தி கரித்தூசியை இறக்க. நல்ல தண்ணி ஒரு பக்கெட்டைப் பாதிப் பாதியா ரெண்டுல பிரிச்சுக்குவேன். ஒண்ணுல ஷாம்பு, இன்னொண்ணுல துணி அலசல். மேல இருந்து கீழ, நேர்கோட்டுல, அழுத்தாம. கடைசி பக்கெட் நல்ல தண்ணி, அடியும் சேத்து முழுசா அலச. அதுக்கு அப்புறம் வெயில் ஏறுறதுக்கு முன்னால மைக்ரோஃபைபர் துணியில ஒத்தி எடுத்துடணும், தேய்க்கக் கூடாது. நல்ல தண்ணி செலவு 30 லிட்டர். அதாவது ரெண்டு கொடம்.

அடுத்த நாள் ஆச்சிகிட்ட பெருமையா போய் "ரெண்டே கொடம் ஆச்சி"ன்னேன்.

"அதுவும் காருக்குத்தான?" அப்படின்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "சரி, அலசின தண்ணியில சோப்பு இல்லாததை அந்த முருங்கைக்கு ஊத்துலே."

ஊத்தினேன்.

டிஸ்கி: உங்க ஊருக்கு நல்ல தண்ணி கொண்டு வந்தது யாருன்னு உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டுட்டு பின்னூட்டத்துல சொல்லுங்க. எனக்கு ஆச்சி சொல்லித்தான் தெரிஞ்சது.