பெர்சியஸ் வெண்கலச் சிலை, புளோரன்ஸ்

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், சின்யோரியா சதுக்கத்தை ஒட்டிய லோஜ்ஜா தெய் லான்ஸி மண்டபத்தில் நிற்கும் சிலை இது. கிரேக்கப் புராண வீரன் பெர்சியஸ், தான் வெட்டிய மெடூசாவின் தலையை இடக்கையால் தூக்கிக் காட்டுகிறான். அவள் உடல் அவன் காலடியில் மடங்கிக் கிடக்கிறது. கோமகன் முதலாம் கோசிமோ மெடிச்சி 1545இல் பென்வெனுத்தோ செல்லினியிடம் ஒப்படைத்த பணி, 1554 ஏப்ரலில் மக்கள் பார்வைக்கு வந்தது. பெர்சியஸின் மார்புக்குக் குறுக்கே ஓடும் வாரில் சிற்பி தன் பெயரைப் பொறித்திருக்கிறார்.

இச்சிலையின் பெருமை அதன் கதையில் இல்லை, வார்ப்பில்தான் இருக்கிறது. நீட்டிய கை, அதில் தொங்கும் தலை, வெட்டுண்ட கழுத்திலிருந்து கயிறு கயிறாகத் தடித்து இறங்கும் குருதி ஆகியவற்றை முட்டுக்கொடுக்காமல் பளிங்கில் நிறுத்துவது அரிது. சதுக்கத்தில் ஏற்கெனவே வெண்கலச் சிலை இருந்ததே என்று கேட்கலாம். தொனத்தெல்லோவின் ஜூடித் சிலை இருந்தது உண்மைதான். ஆனால் அது பதினொரு துண்டுகளாக வார்த்து இணைக்கப்பட்டது. செல்லினியோ மெடூசாவின் உடலைத் தனியே வார்த்துவிட்டு, பெர்சியஸின் உருவத்தைக் கையிலுள்ள தலையோடு சேர்த்து ஒரே ஊற்றில் எடுக்கத் துணிந்தார். அவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றும் உலோகம் அடியிலுள்ள பாதம்வரை சூடு குறையாமல் சேருமா என்பதுதான் சிக்கல். உலையில் வெண்கலம் இறுகியது என்றும், வெள்ளீயத்தையும், வீட்டிலிருந்த சுமார் 200 வெள்ளீயத் தட்டு, கிண்ணங்களையும் போட்டு அதை ஓடவைத்ததாகவும் அவரே தன் வரலாற்றில் சொல்கிறார். தற்பெருமைக்காரரின் கூற்று என்று இதைத் தள்ளிவிடுவோர் உண்டு. நடையில் மிகை இருப்பது வெளிப்படை. ஆனால் வெள்ளீயம் கூடினால் வெண்கலம் உருகும் வெப்பநிலை குறையும், ஓட்டமும் கூடும். அவர் செய்ததாகச் சொல்வது உலோகத்தின் இயல்புக்குச் சரியாகப் பொருந்துகிறது. வலப்பாதத்தின் விரல்கள் நிரம்பாமல் போன குறையையும் அவர் மறைக்கவில்லை. ஆகவே நிகழ்ச்சியின் சாரத்தை நம்பலாம்.

புளோரன்ஸ் குடியரசை வென்ற மெடிச்சி ஆட்சியின் அறிவிப்பாகவே இச்சிலையைக் கொள்ள வேண்டும். எதிரே நின்ற மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலையோ குடியரசுக் காலத்தில், 1504இல், நிறுவப்பட்டது. பெர்சியஸ் சிலையின் பீடத்து மாடங்களில் ஜூபிடர், மெர்க்குரி, மினெர்வா, பெர்சியஸின் தாய் தனாயி ஆகியோரின் சிறு வெண்கலங்கள் உண்டு. பெர்சியஸ் ஆந்திரோமெதாவை விடுவிப்பதைக் காட்டும் புடைப்புச் சிற்பமும் செல்லினியின் வேலைதான். இவற்றின் மூலங்கள் இன்று பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் உள்ளன; மண்டபத்தில் இருப்பவை படிகள். சிலை 1990களின் பிற்பகுதியில் சீரமைக்கப்பட்டது.