ஃபோர்ஸ்கோலின்: ஒரு பெயரின் வரலாறு

நம் வீட்டு முற்றத்துக் கற்பூரவள்ளிக்கு உறவான செடியொன்று சேலம் வட்டாரத்தில் பணப்பயிராக விளைகிறது. மருந்துக்கூர்க்கன் என்பர். அதன் வேர்க்கிழங்கிலிருந்து பிரித்தெடுக்கப்படும் டைடெர்பீன் சேர்மம் ஃபோர்ஸ்கோலின். உயிர்வேதியியல் ஆய்வகங்களில் அன்றாடம் புழங்கும் இப்பெயருக்குள் ஒரு மனிதர் இருக்கிறார். இலக்கியம் பயின்ற நம்மை அச்சேர்மத்திடம் ஈர்த்தது அவர் கதையே.

பேர் ஃபோர்ஸ்கோல் 1732இல் ஹெல்சிங்கியில் பிறந்தவர். தாவரவியல் அறிஞர் லின்னேயஸின் மாணாக்கர். குடிமக்களின் சுதந்திரம் குறித்து 1759இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். எழுத்துரிமையை வலியுறுத்திய அந்நூலை ஸ்வீடன் அரசு தடைசெய்தது. படிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு, அப்போது உப்சாலா பல்கலைக்கழகத் தலைவராயிருந்த லின்னேயஸ் மீதே விழுந்தது. ஆசிரியத் தொழிலில் உள்ள நம்மால் இவ்விடத்தை எளிதில் கடக்க இயலவில்லை.

1761இல் டென்மார்க் மன்னர் அனுப்பிய அரேபியப் பயணக் குழுவில் ஃபோர்ஸ்கோல் சேர்ந்தார். 1763இல் ஏமனின் யரீம் நகரில் மலேரியாவால் மாண்டார், வயது 31. மூன்றாண்டுகள் கழித்து, 1766இல், ஸ்வீடன் அச்சுரிமைச் சட்டம் இயற்றியது. அதைக் காண அவர் இல்லை. குழுவினர் அறுவரில் உயிரோடு திரும்பியவர் கார்ஸ்டன் நீபூர் ஒருவரே. தோழரின் தாவரக் குறிப்புகளை 1775இல் அவர் நூலாக்கினார். பிற்காலத்தில் நம் கூர்க்கன் செடி 'கோலியஸ் ஃபோர்ஸ்கோலி' என அவர் பெயரைப் பெற்றது.

1970களில் இந்திய ஆய்வகங்கள் இரண்டு இச்செடியை ஆராய்ந்தன. லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் தான் பிரித்த சேர்மத்தைக் 'கோலியோனால்' என்றது. பம்பாய் ஹெக்ஸ்ட் ஆய்வு மையம் 'ஃபோர்ஸ்கோலின்' என்றது. முதலில் வெவ்வேறெனக் கருதப்பட்ட இரண்டும் ஒன்றே எனப் பின்னர்த் தெளிவாயிற்று. நிலைத்தது பம்பாய் இட்ட பெயர்.

ஹார்மோன் பலவும் செல்லின் வாயிலில் நின்று செய்தி சொல்லும். அதை உள்ளே கொண்டுசெல்லும் தூதுவன் சுழல் ஏஎம்பி. ஃபோர்ஸ்கோலினோ வாயிற்காவலை நாடாமல், தூதுவனை ஆக்கும் அடினைலேட் சைக்ளேஸ் நொதியையே நேராகத் தூண்டுகிறது. 1981இல் சீமன், பேட்ஜெட், டேலி ஆகியோர் இதனை வெளியிட்டபின் அது ஆய்வாளரின் இன்றியமையாக் கருவியாயிற்று.

தாவரவியலார் இன்று ஏற்கும் பெயர் 'கோலியஸ் பார்பேட்டஸ்'. செடியின் பெயரிலிருந்து ஃபோர்ஸ்கோல் நீங்கிவிட்டார்; சேர்மத்தின் பெயரில் இருக்கிறார். படிகளைப் பறிக்கலாம், பெயரையும் மாற்றலாம். எங்கோ ஓர் ஆய்வகக் குப்பியின் மேல் அது எஞ்சிவிடுகிறது. படிப்பவர் அதற்குள் இருக்கும் மனிதரையும் அறிய வேண்டுமென்பதே நம் விருப்பம்.