அயர்லாந்தின் கந்தல் மரங்கள்

அயர்லாந்தில் 'புனிதக் கிணறுகள்' ஏறக்குறைய 3000 உண்டு என்பார்கள். கிணறு என்று பெயரே தவிர, ராட்டினம் போட்டு இறைக்கும் ஆழமெல்லாம் கிடையாது. வயலோரத்தில் குனிந்து கையால் அள்ளக்கூடிய சின்ன ஊற்றுகள்தான். பல ஊற்றுகளுக்குப் பிரிஜித், பாட்ரிக் போன்ற புனிதர்களின் பெயர்.

டாக்டருக்குக் கொடுக்கக் காசில்லாத ஏழைகளுக்கு இவைதான் வைத்தியசாலை. பல்வலிக்கு ஓர் ஊற்று, மருவுக்கு ஓர் ஊற்று. கண்நோய்க்கானதை ஐரிஷ் மொழியில் 'டோபர் நா சூல்' என்பார்கள். கண்களின் கிணறு என்று பொருள். கெர்ரி பகுதியில் 'பித்தர்களின் பள்ளத்தாக்கு' என்றே ஓர் இடம் இருக்கிறது. அங்குள்ள ஊற்று நீரைக் குடித்து, அதில் வளரும் கீரையைத் தின்றால் புத்தி தெளியும் என்று நம்பினார்கள்.

வைத்தியத்துக்கு முறை உண்டு. சூரியன் போகும் திசையில் ஊற்றை வலம்வர வேண்டும். கணக்குத் தப்பாமலிருக்கச் சுற்றுக்கு ஒரு கூழாங்கல் போடுவார்கள். பிறகு, துணியை நனைத்து நோயுள்ள இடத்தைத் துடைத்து, பக்கத்து மரத்தில் கட்டிவிடுவார்கள். துணி மக்க மக்க நோயும் கரையும். அடுத்தவர் கட்டியதை அவிழ்த்தாலோ, அவர் நோய் நம்மிடம் வந்துவிடும்! டோனகலில் உள்ள டூன் கிணற்றில், குணமானவர்கள் ஊன்றுகோலையே விட்டுச் சென்றிருக்கிறார்கள்.

இந்த வழக்கத்தை ஒழிக்க அரசும் முயன்றது. கத்தோலிக்கர்களை ஒடுக்க 1704-இல் வந்த சட்டம், ஊற்றுகளில் கூடுவோருக்கு 10 ஷில்லிங் அபராதம் விதித்தது. கட்ட முடியாதவருக்குப் பொது இடத்தில் சவுக்கடி. 19-ஆம் நூற்றாண்டில், ஊற்றுத் திருவிழாவில் குடியும் அடிதடியும் மிகுந்ததென்று கத்தோலிக்கப் பாதிரிமார்களே தடுத்தார்கள். 1845-இல் தொடங்கிய பெரும் பஞ்சம் ஊர்களையே காலி செய்தது. அத்தனைக்கும் பிறகும் ஊற்றுகளுக்குப் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

இன்று வேறொரு சிக்கல். வருகிறவர்கள் நைலான் துணியையும் பிளாஸ்டிக் நாடாவையும் கட்டிவிட்டுப் போகிறார்கள். அவை மக்குவதில்லை, கிளையை இறுக்கி மரத்தைக் கெடுக்கின்றன. மக்காத துணியோடு நோய் எப்படிப் போகும்? கட்டுகிற பழக்கம் தங்கிவிட்டது, கட்டியதன் காரணம் மறந்துவிட்டது.

நல்லவேளையாக, அந்தக் காரணம் நோட்டுகளில் பதிவாகியிருக்கிறது. 1937 முதல் 1939 வரை, சுமார் 5000 பள்ளிகளில் மேல்வகுப்புப் பிள்ளைகள் தாத்தா பாட்டிகளிடம் பழங்கதைகளைக் கேட்டு எழுதினார்கள். புனிதக் கிணறும் அதில் ஒரு தலைப்பு. அந்தப் பக்கங்களை இப்போது இணையத்தில் யாரும் படிக்கலாம்.

ஆகவே நண்பர்களே, பேரப்பிள்ளைகளுக்கு ஒரு வழக்கத்தைச் சொல்லித்தரும்போது, அது ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.