ஒரு படமும் பல கைகளும்

வரைபடம் ஒன்று, அதன்மேல் உழைக்கும் கைகளோ பல. அவற்றிடையே வழங்கும் படிகளுள் மெய்யான படி எது? வடிவமைப்புத் தொழிலில் இவ்வினா மிகப் பழையது.

1842ஆம் ஆண்டில் ஆங்கிலேய அறிஞர் ஜோன் ஹேர்ஷல் நீலப்படி எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். பின்னர் கட்டடக் கலைஞரும் பொறியியலாளரும் அதனைக் கைக்கொண்டனர். மூலப்படம் பணிமனையில் இருக்க, படிகள் வேலைத்தலம் சென்றன. மூலத்தில் ஒரு கோடு மாறின், சென்ற படிகள் யாவும் பழையனவாயின.

1971இல் அமெரிக்கரான றே ரொம்லின்சன் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். 1992இல் வகுக்கப்பட்ட 'மைம்' என்னும் நியமம், படங்களையும் அஞ்சலோடு இணைத்தனுப்பப் பொதுவழி செய்தது. விரைவு பெருகிற்று, பழைய குறை நீங்கவில்லை. ஐவருக்கு அனுப்பினால் ஐந்து படிகள்; ஐவரும் திருத்தினால் ஐந்து வேறு படங்கள்.

இதற்கு மாற்று முன்னரே காட்டப்பட்டிருந்தது. 1968 டிசெம்பர் 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பாட், தொலைவில் மென்லோ பார்க்கில் இருந்த உடன்பணியாளருடன் ஒரே ஏட்டில் கூடிப் பணிபுரிந்து காட்டினார். அவ்வழி வடிவமைப்பாளருக்கு வாய்க்க நெடுங்காலம் சென்றது. 2016இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட 'பிக்மா' போன்ற முகிற் கணிமைச் சாதனங்களில் படம் எவருக்கும் அனுப்பப்படுவதில்லை. அது ஓரிடத்தில் நிற்க, அனைவரும் அதனிடம் வருகின்றனர். ஒருவர் இடும் கோட்டை மற்றவர் அக்கணமே காண்கின்றனர்.

எனினும், அஞ்சலில் வந்த படி பெற்றவர் கையில் நின்றது. முகிலிலுள்ள படமோ அதனைப் பேணும் நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கின்றது. ஆதலின், வேலை முடிந்ததும் ஒரு படியைத் தம்மிடம் வைத்துக்கொள்ளும் பழைய வழக்கத்தை வடிவமைப்பாளர் கைவிடாதிருத்தல் நலம்.