பத்தொன்பது இடத்தில் ஒரு முதலமைச்சர்



போன வாரம் தேன்கனிக்கோட்டையில் ஒரு கல்யாண வீட்டில் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். இப்போது ஓசூரில் கம்பெனி வேலை, தொழிற்சங்கத்திலும் இருக்கிறானாம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவன், "சார், 2021-ல் நம்ம தளித் தொகுதியில் இந்தியக் கம்யூனிஸ்ட் ஜெயித்தது. மாநிலம் முழுக்க அவர்களுக்குக் கிடைத்ததே 2 இடம்தான். இப்படிச் சின்னக் கட்சி ஜெயித்து என்ன சார் செய்ய முடியும்?" என்று கேட்டான். சாம்பார் ஊற்றுகிற நேரத்தில் அதற்குப் பதில் சொல்ல முடியுமா? எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதுதான் அந்தப் பதில்.

1954-க்குப் போவோம். இடம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். இன்றைய கேரளத்தின் தெற்குப் பாதியும் நம் கன்னியாகுமரி மாவட்டமும் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த பிப்ரவரியில் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. மொத்தம் 117 இடங்கள். காங்கிரஸ் 45, கம்யூனிஸ்ட் 23, பிரஜா சோஷலிஸ்ட் 19, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 12, புரட்சி சோஷலிஸ்ட் 9, சுயேச்சை 9. ஆட்சிக்கு 59 வேண்டும். யாரிடமும் இல்லை.

பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்கு அப்போது வயது இரண்டுகூட ஆகவில்லை. முதல் பொதுத்தேர்தலில் மக்களவைக்கு ஜெயப்பிரகாஷ் நாராயணனின் சோஷலிஸ்ட் கட்சிக்கு 12 இடம், ஆச்சார்ய கிருபளானியின் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிக்கு 9 இடம்தான் கிடைத்தன. அடி வாங்கிய இரண்டும் 1952 செப்டம்பரில் ஒன்றாகச் சேர்ந்தன. அப்படிப் பிறந்த கட்சி இது.

இடதுசாரிகளோடு தொகுதி உடன்பாடு வைத்துக் காங்கிரசை எதிர்த்து நின்றவர்கள் இவர்கள். தேர்தல் முடிந்ததும் கதை மாறியது. கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்துவிடக் கூடாது என்று நினைத்த காங்கிரஸ், "நீங்கள் ஆளுங்கள், நாங்கள் வெளியிலிருந்து ஆதரவு தருகிறோம்" என்றது. 1954 மார்ச்சில் பட்டம் தாணுப்பிள்ளை முதலமைச்சரானார். 45 பேர் வெளியே, 19 பேர் நாற்காலியில்! நிலச் சீர்திருத்த மசோதாக்களைக் கொண்டுவந்தார்கள். நல்ல எண்ணம் இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் தெற்கே வேறொரு நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு முதலிய தமிழ் பேசும் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று மார்ஷல் நேசமணியும் அவருடைய இயக்கத்தாரும் போராடினார்கள். பட்டம் அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. போலீசை வைத்து அடக்கப் பார்த்தார். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. தமிழர்கள் செத்து விழுந்தார்கள்.

சுட உத்தரவிட்டது வெள்ளைக்காரன் அரசு இல்லை. ஏழை எளியவருக்காகப் பேசப் பிறந்த சோஷலிஸ்ட் கட்சியின் அரசு.

அந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா. உத்தரப் பிரதேசத்தில் பாசன வரி உயர்வை எதிர்த்துப் போராடி அலகாபாத் நைனி சிறையில் இருந்தார். செய்தி தெரிந்ததும் சிறையிலிருந்தே, "அமைச்சரவை பதவி விலக வேண்டும், விசாரணை நடக்க வேண்டும்" என்று கேட்டார். அவர் வாதம் எளிமையானது. ஆயுதம் இல்லாத மக்களைச் சுடுவதைக் காங்கிரஸ் ஆட்சியில் கண்டித்தோம். நம் ஆட்சியிலும் அதுவே நடந்தால், நமக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

கட்சியின் மற்ற தலைவர்கள் வேறு மாதிரி நினைத்தார்கள். நாட்டிலேயே நம் கையில் இருப்பது இந்த ஓர் ஆட்சிதான், அதையும் விடுவதா என்ற தவிப்பு அவர்களுக்கு. பட்டம் விலக மறுத்தார். நவம்பரில் நாக்பூரில் கூடிய மாநாடும் அவரை விலகச் சொல்லவில்லை. லோகியா பொறுப்பை விட்டார்.

பலன் என்ன? 1955 ஜனவரியில் நம் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயமே தன் குறிக்கோள் என்று தீர்மானம் போட்டது. கொடியில் இருந்த வாசகமும் கைமாறிவிட்டது. பிப்ரவரியில் காங்கிரஸ் ஆதரவு விலக, பட்டம் ஆட்சி கவிழ்ந்தது. ஆண்டு ஒன்றுகூட முழுதாக ஆளவில்லை. கொண்டுவந்த நில மசோதாக்களை நிறைவேற்றி முடிக்கவும் இல்லை. அந்த ஆண்டே லோகியா கட்சியிலிருந்து நீக்கப்பட்டு, ஆண்டு முடிவில் ஐதராபாத்தில் தனிக்கட்சி கண்டார். பிறகு சேர்ந்தார்கள், பிரிந்தார்கள், மறுபடி சேர்ந்தார்கள். 1977-ல் ஜனதாவில் கரைந்தார்கள்.

பட்டம் 1960-ல் மறுபடி கேரள முதலமைச்சரானார். அப்போது கட்சிக்கு 20 இடம், காங்கிரசுக்கு 63. இந்த முறை ஆட்சி கவிழவில்லை. 1962-ல் அவரைப் பஞ்சாப் ஆளுநராக அனுப்பி வைத்தார்கள். முதலமைச்சர் நாற்காலியில் காங்கிரசின் ஆர். சங்கர் உட்கார்ந்தார்.

கன்னியாகுமரிக்காரர்கள் கேட்டதில் பாதி கிடைத்தது. 1956 நவம்பர் 1 அன்று நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாக நம்மோடு சேர்ந்தன. செங்கோட்டையின் ஒரு பகுதியும் வந்தது. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மொழிவாரி மாநிலம் பாடம் நடத்தும்போது, வரைபடத்தில் கோட்டைக் காட்டி, "1956 நவம்பர் 1, எழுதிக்கொள்ளுங்கள்" என்பதோடு முடித்துவிடுவேன். தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே சந்தையில் பேசுகிற ஊர் நம்முடையது. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வளர்ந்த பிள்ளைகள் நீங்கள். எல்லைக்கோடு என்றால் என்ன என்று உங்களுக்குத்தான் நன்றாகப் புரிந்திருக்கும். அந்தக் கோட்டுக்காகச் செத்தவர்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லாமல் விட்டது என் தவறு.

இப்போது தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். சின்னக் கட்சியால் சட்டசபையில் கேள்வி கேட்க முடியும், மசோதாவைத் திருத்தச் சொல்ல முடியும், தெருவில் நின்று போராட முடியும். அதெல்லாம் சின்ன வேலை இல்லை. பெரிய கட்சி ஒரு சொல் தவறினாலும் ஆளும் பணமும் வைத்துச் சமாளித்துக்கொள்ளும். சின்னக் கட்சிக்குச் சொன்ன சொல் ஒன்றுதான் முதல். இரவல் பலத்தில் நாற்காலி வந்தால் உட்காரக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். எந்த நாளில் எழுந்து வர வேண்டும் என்பதை உட்காரும்போதே முடிவு செய்திருக்க வேண்டும். அந்த 19 பேருக்கு அந்த நாள் 1954 ஆகஸ்ட் 11. அவர்கள் எழவில்லை.

குமரிப் பக்கம் வேலையிலோ சம்பந்தத்திலோ இருக்கும் பிள்ளைகள், அங்குள்ள பெரியவர்களிடம் அந்த நாளைப் பற்றிக் கேட்டு இங்கே எழுதுங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்