உப்புக்கும் ஓர் அளவு உண்டு



மறைநூலை வாசித்து, அதிலிருந்து வாழ்வுக்குப் பாடம் சொல்வது மறையுரையாளரின் பணி. இந்தப் பணியை நமக்கு முன்பே தொடங்கி, இன்றளவும் வாரந்தோறும் செய்துவருகிறவர்கள் யூத மக்கள். அவர்களுடைய வழக்கத்தைப் பற்றியும், மிகக் கொடிய நாட்களில் அந்த வழக்கத்தைக் கைவிடாத ஒரு ரபியைப் பற்றியும் இன்று சிந்திப்போம்.

நெகேமியா நூலின் 8ஆம் அதிகாரத்தைத் திறப்போம். பாபிலோனிய அடிமைத்தனத்திலிருந்து திரும்பியவர்கள் எருசலேமில் தண்ணீர் வாயிலுக்கு முன் கூடுகிறார்கள். குருவாகிய எஸ்ரா மரமேடைமீது நின்று, காலை தொடங்கி நண்பகல்வரை திருச்சட்ட நூலை வாசிக்கிறார். லேவியர் மக்களுக்குப் பொருள் விளக்குகிறார்கள். கேட்ட மக்கள் அழுகிறார்கள். அப்போது விளக்கம் சொன்னவர்கள் என்ன செய்தார்கள்? 'நன்றாக அழுங்கள், இது உங்கள் பாவத்தின் பலன்' என்று சொல்லவில்லை. அழவேண்டாம் என்று தேற்றினார்கள். வீட்டுக்குப் போய் உண்டு குடித்து, இல்லாதவர்களுக்கும் பங்கு அனுப்புங்கள் என்றார்கள். திருச்சட்டத்தை விளக்கியவர்கள் அழுதவர்களைத் தேற்றவும் செய்தார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொள்வோம். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

நம் ஆண்டவரின் காலத்தில் இந்த வழக்கம் நன்கு வேரூன்றியிருந்தது. நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் இயேசு எழுந்து எசாயாவின் சுருளை வாசித்ததை லூக்கா எழுதுகிறார். பிசிதியாவிலுள்ள அந்தியோக்கியாவில், திருச்சட்டமும் இறைவாக்குகளும் வாசிக்கப்பட்ட பிறகுதான் பவுலிடம் அறிவுரை கூறும்படி கேட்கிறார்கள். ஓய்வுநாள்தோறும் மோசேயின் சட்டம் தொழுகைக்கூடங்களில் வாசிக்கப்பட்டு வருவதை எருசலேம் சங்கத்தில் யாக்கோபு நினைவூட்டுகிறார். நம் திருப்பலியில் முதலில் வாசகமும் பிறகு மறையுரையும் வருவது இந்தப் பழைய வேரிலிருந்து வளர்ந்ததே.

மோசேயின் ஐந்து நூல்களையும் அவர்கள் தோரா என்கிறார்கள். பழங்காலத்தில் பாலஸ்தீனத்து யூதர் அதை ஏறக்குறைய மூன்று ஆண்டுகளில் வாசித்து முடித்தார்கள். பாபிலோனிய யூதர் ஒரே ஆண்டில் முடித்தார்கள். பாபிலோனிய முறையே பின்னர் உலகெங்கும் பரவியது. தோரா 54 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு பகுதிக்குப் பாராஷா என்று பெயர். ஓய்வுநாள் காலையில் ஏழு பேர் முறையாக அழைக்கப்படுவார்கள். கையால் எழுதிய தோல்சுருளிலிருந்து அந்தப் பகுதி முழுவதும் இசையோடு வாசிக்கப்படும். ஆண்டின் இறுதியில் மோசேயின் சாவை வாசித்து முடித்த அதே நாளில், உலகப் படைப்பை மீண்டும் தொடங்கிவிடுவார்கள்.

இந்த முறையில் ஒரு கண்டிப்பு இருக்கிறது. பகுதியைப் போதகர் தேர்ந்தெடுப்பதில்லை. ஊரில் திருமணம் நடக்கலாம், பஞ்சம் வரலாம், போர் வரலாம். அந்த வாரத்துப் பகுதி எதுவோ அதுதான் வாசிக்கப்படும். நமக்கும் இது புதிதல்ல. 1969 முதல் நம் ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டு சுற்றில் வருகின்றன. குருக்களாகிய நாம் விரும்பிய பகுதியை எடுத்து விரும்பியதைப் பேசாதபடி இந்தச் சுற்று நம்மைத் தடுக்கிறது.

இனி, அந்த ரபியிடம் வருவோம். அவர் பெயர் கலோனிமுஸ் கல்மான் ஷாப்பிரா. 1889ஆம் ஆண்டு போலந்தில் பிறந்தவர். வார்சா நகருக்கு அருகிலுள்ள பியாசெச்னோ என்ற ஊரின் ரபியாக அறியப்பட்டவர். 1923இல் வார்சாவில் இளைஞர்களுக்கான ஒரு தோராக் கல்விக்கூடத்தைத் தொடங்கினார். பிள்ளைகளை எப்படிக் கற்பிக்கவேண்டும் என்று ஆழ்ந்து எழுதியவர்.

1939 செப்டம்பரில் ஜெர்மானியப் படை வார்சாமீது குண்டு வீசியது. அவருடைய ஒரே மகன் படுகாயமடைந்தார். அவரைச் சேர்த்திருந்த மருத்துவமனைக்கு வெளியே நின்ற மருமகளும், இன்னோர் உறவுப் பெண்ணும் அடுத்த குண்டுவீச்சில் மாண்டார்கள். செப்டம்பர் 29 அன்று மகனும் இறந்தார். சில வாரங்களில் ரபியின் தாயும் கண்மூடினார். மனைவி இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இறந்திருந்தார்.

நவம்பர் 4, ஓய்வுநாள். அந்த வாரத்துப் பகுதி தொடக்கநூல் 23ஆம் அதிகாரத்தில் தொடங்குவது. முதற்சொற்களைக் கொண்டு அதற்கு 'சாராவின் வாழ்வு' என்று பெயர். ஆனால் அதன் தொடக்கத்திலேயே சாரா இறந்துவிடுகிறார். 127 வயது. ஆபிரகாம் வந்து புலம்பி அழுகிறார். நானூறு வெள்ளிக்காசு எடைபோட்டுக் கொடுத்து, மனைவியைப் புதைக்க ஒரு குகையை வாங்குகிறார். இதற்குச் சற்று முன், 22ஆம் அதிகாரத்தில், மோரியா மலையில் ஈசாக்கு பலிபீடத்தின்மேல் கட்டிக் கிடத்தப்பட்ட நிகழ்ச்சி இருக்கிறது.

மகனைப் புதைத்து ஐந்து வாரம் ஆன ஒரு தந்தைக்கு முன்னால் இந்தப் பகுதி வந்து நிற்கிறது. கேட்க வந்தவர்களும் வீடு இழந்தவர்கள், பிள்ளை இழந்தவர்கள். அவர் என்ன பாடம் சொல்வார்? 'ஆபிரகாமைப் பாருங்கள், பிள்ளையைத் தரத் தயங்கினாரா? நீங்களும் தயங்காதீர்கள்' என்று சொல்லியிருக்கலாம். சொல்வது எளிது, மறைநூல் ஆதாரமும் கையில் இருக்கிறது.

அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆபிரகாமை விட்டுவிட்டுச் சாராவைப் பார்த்தார்.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளும் ஏன் அடுத்தடுத்து வருகின்றன என்பது பழைய கேள்வி. 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷி என்ற பேரறிஞர் பழைய மரபைப் பின்பற்றி, மகன் பலியிடக் கட்டப்பட்ட செய்தியைக் கேட்டதும் சாராவின் உயிர் பிரிந்தது என்று எழுதினார். இதோடு ரபி ஷாப்பிரா, தமக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முன்பு வாழ்ந்த ரிமனூவ் ஊர் ரபி மெனாகெம் மெண்டலின் ஒரு கருத்தைச் சேர்த்தார். பலிப் பொருளில் உடன்படிக்கையின் உப்பு சேர்க்கவேண்டும் என்கிறது லேவியர் நூல். துன்பத்தையும் உடன்படிக்கையோடு சேர்த்துப் பேசுகிறது யூத மரபு. உப்பு இறைச்சியைப் பக்குவப்படுத்துவதுபோல் துன்பம் மனிதரைப் பக்குவப்படுத்தும் என்பார்கள். ரிமனூவ் ரபி சொன்னது: அப்படியானால் உப்புக்கு உள்ள அளவு துன்பத்துக்கும் உண்டு. உப்பு மிகுந்துபோனால் இறைச்சியை வாயில் வைக்கமுடியாது. துன்பமும் மனிதர் தாங்கும் அளவோடு, இரக்கம் கலந்து வரவேண்டும்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம் பழமொழி. உப்பு அள்ளிக் கொட்டிய பண்டமும் அங்கேதான் போகிறது.

ஆகவே, மோசே வேண்டுமென்றே சாராவின் சாவை மோரியா மலைக்குப் பக்கத்தில் வைத்தார் என்றார் ரபி ஷாப்பிரா. கடவுளிடம் நமக்காகப் பரிந்துபேச அப்படி வைத்தாராம். சாராவைப் போன்ற புனிதமான பெண்ணே அந்தச் சுமையைத் தாங்கமுடியாமல் உயிரை விட்டார் என்றால், சாதாரண மக்கள் எப்படித் தாங்குவார்கள்? அதற்கும் மேலே ஒரு படி போனார். தம் மக்களால் இவ்வளவு துன்பத்தைத் தாங்கமுடியாது என்று கடவுளுக்குக் காட்டவே சாரா இறந்தார் என்றார். வாழ்ந்திருக்கக்கூடிய ஆண்டுகளை இழந்துவிட்டார் என்று சாராமீது குற்றம் சொல்லலாமா? கூடாது. எபிரேய மூலத்தில் அந்த வசனம் சாராவின் வாழ்வின் ஆண்டுகளை மீண்டும் ஒருமுறை குறிப்பிட்டு முடிகிறது. வாழாமல் போன ஆண்டுகளுக்காகவும் அவர்மீது பழியில்லை என்பதற்கே அது என்று விளக்கினார்.

நேயர்களே, அந்த மறையுரையில் தம் மகனைப் பற்றி அவர் நேரடியாகப் பேசவில்லை. ஆனால் அங்கே இருந்தவர்களுக்குப் புரிந்திருக்கும். வாரப் பகுதியிலிருந்து அவர் எடுத்த பாடம் துன்புறுகிறவர்களைக் கண்டிக்கிற பாடம் அல்ல. துன்புறுகிறவர்களோடு சேர்ந்து கடவுளிடம் முறையிடுகிற பாடம். மனந்திரும்புங்கள் என்று அவர் பேசிய வாரங்களும் உண்டு. ஆனால் உடைந்துபோனவரைப் பார்த்து, நீ உடைந்தது குற்றம் என்று இந்த உரை சொல்லவில்லை.

1940 நவம்பரில் வார்சா யூதக் குடியிருப்பு மதில் வைத்து அடைக்கப்பட்டது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே அடைபட்டார்கள். பசியும் காய்ச்சலும் தெருவிலேயே பலரைக் கொன்றன. ரபி ஓய்வுநாள் உரைகளை நிறுத்தவில்லை. மக்களிடம் இத்திஷ் மொழியில் பேசியதைப் பிறகு எபிரேயத்தில் எழுதி வைத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதியில் போர்ச் செய்திகள் இல்லை. ஆண்டும், வாரத்துப் பகுதியின் பெயரும்தான் தலைப்பு.

அதில் ஒரு பக்கம் குருக்களாகிய நம்மை மிகவும் சிந்திக்கவைக்கிறது. 1941 டிசம்பரில், அர்ப்பணிப்பு விழா உரையில், இந்தத் துன்பங்கள் நமக்குப் புதியவையா, நம் முன்னோரும் பட்டவை அல்லவா, பிறகு ஏன் நம்பிக்கை தளரவேண்டும் என்று கேட்டிருந்தார். ஏறக்குறைய ஓராண்டுக்குப் பிறகு, 1942 நவம்பர் இறுதியில், அதே உரைக்குக் கீழே ஒரு குறிப்பு எழுதினார். முன்பு நடந்தவற்றுக்குத்தான் அந்தச் சொற்கள் பொருந்தும். இப்போது நடப்பதைப்போல் முன்பு எப்போதும் நடந்ததில்லை என்பது அதன் சாரம். இடைப்பட்ட காலத்தில், 1942 ஜூலை 22 முதல் செப்டம்பர் வரை, ஏறத்தாழ 2,65,000 பேர் அந்தக் குடியிருப்பிலிருந்து ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ரயிலேற்றப்பட்டிருந்தார்கள். அவருடைய மகளும் அந்த ஆண்டில் கொண்டுசெல்லப்பட்டார். தாம் சொன்ன பாடம் மக்களுடைய துயரத்தின் அளவுக்குப் போதவில்லை என்று கண்டபோது, அதைத் தம் கையாலேயே திருத்தினார். நம்மில் எத்தனை பேர் பழைய மறையுரையை இப்படித் திருத்தியிருக்கிறோம்?

1942இன் தொடக்க மாதங்களில் அவர் இன்னொரு சிந்தனையைப் பலமுறை பேசினார். கடவுள் தம் உள்ளறையில் மறைவாக அழுகிறார் என்று யூதரின் தால்மூது நூலில் ஒரு சொல் உண்டு. அந்த அறைக்குள் நுழைந்து அவரோடு சேர்ந்து அழலாம் என்றார் ரபி. தோரா கற்பதே அங்கே நுழையும் வழி. துன்பத்துக்குக் காரணம் தேடுவதைவிட, அழுகிற கடவுளுக்கு அருகில் இருப்பது அவருக்குப் பெரிதாகப்பட்டது.

அவருடைய கடைசி உரை 1942 ஜூலை 18ஆம் நாளுக்குரியது. நான்கு நாட்களில் ரயில்கள் ஓடத் தொடங்கின. 1943 ஜனவரியில், இவற்றைக் கண்டெடுப்பவர் பாலஸ்தீனத்திலுள்ள தம் தம்பிக்கு அனுப்பவேண்டும் என்று ஒரு கடிதம் எழுதித் தம் கையெழுத்துப் பிரதிகளோடு சேர்த்தார். வரலாற்றாசிரியர் எம்மானுவேல் ரிங்கெல்பிளம் நடத்திய இரகசிய ஆவணக்குழு அவற்றைப் பால் கேன்களில் வைத்து மண்ணில் புதைத்தது. 1943 நவம்பரில் ரபி ட்ராவ்னிக்கி முகாமில் கொல்லப்பட்டார் என்று கருதப்படுகிறது. 1950 டிசம்பரில், இடிபாடுகளுக்கு நடுவே கட்டடத் தொழிலாளர் அந்தப் பால் கேன்களைக் கண்டெடுத்தனர். 1960இல் இஸ்ரயேலில் அந்த உரைகள் 'புனித நெருப்பு' என்று பொருள்படும் பெயரில் நூலாயின.

அன்பர்களே, இந்த வரலாற்றைச் சொல்லும்போது நாம் தலைகுனிந்தே சொல்லவேண்டும். அவரைக் கொன்ற அமைப்பில் திருமுழுக்குப் பெற்றவர்கள் பலர் இருந்தார்கள். யூதர் கடவுளால் சபிக்கப்பட்டவர்கள் என்ற தவறான பாடம் பல நூற்றாண்டுகளாக நம் மறையுரை மேடைகளிலிருந்தும் சொல்லப்பட்டது. 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் அறிக்கையில் அந்தப் பாடத்தை விலக்கியது. 1998இல் திருப்பீடம் அந்தப் பேரழிவை நினைவுகூர்ந்து மனவருத்தத்துடன் ஓர் ஏட்டை வெளியிட்டது. மறைநூலிலிருந்து தவறான பாடம் எடுத்தால் அதற்கு உயிர்கள் விலையாகும் என்பது நம் வரலாற்றிலேயே எழுதியிருக்கிறது.

நம் வாசக நூலைப் புரட்டிப் பாருங்கள். ஈசாக்கின் பலி தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டில் வருகிறது. பாஸ்காத் திருவிழிப்பிலும் வருகிறது. சாராவின் சாவு எந்த ஞாயிறிலும் இல்லை. ஆனால் ஒற்றைப்படை ஆண்டுகளில், பொதுக்காலம் 13ஆம் வாரம் வியாழனன்று மோரியா மலையும், மறுநாள் வெள்ளியன்று சாராவின் அடக்கமும் அடுத்தடுத்து வருகின்றன. காலைத் திருப்பலிக்கு வரும் சிலரே அவற்றைக் கேட்கிறார்கள். அடுத்த முறை அவை வரும்போது நாமும் இரண்டையும் சேர்த்துக் கேட்போம்.

துக்க வீட்டுக்குப் போகிறோம். பிள்ளையை இழந்த தாய் சுவரில் சாய்ந்து கிடக்கிறார். 'கடவுளுக்குப் பிரியமானவர்களைத்தான் சீக்கிரம் எடுத்துக்கொள்வார்', 'எல்லாம் நன்மைக்கே', 'நீ இப்படி அழுதால் விசுவாசம் இல்லை என்று ஆகிவிடும்' என்கிறோம். குருக்களாகிய நாமும் சொல்லியிருக்கிறோம். வேறு சொல் தெரியாமல், அமைதியாக இருக்கத் தைரியம் இல்லாமல் சொல்லியிருக்கிறோம். அந்தத் தாயின் இலையில் ஏற்கெனவே உப்பு மிகுந்திருக்கிறது. நாமும் ஒரு கை அள்ளிப் போடுகிறோம்.

எருசலேமின் தண்ணீர் வாயிலில் லேவியர் செய்ததை நாமும் செய்யலாம். முதலில் தேற்றுவோம். உணவு கொண்டுபோவோம். அருகில் உட்காருவோம். பாடம் சொல்லவேண்டிய நேரம் வந்தால், அந்தத் தாயின் பக்கம் நின்று கடவுளை நோக்கிச் சொல்வோம். இலாசரின் கல்லறையருகே கண்ணீர் விட்ட நம் ஆண்டவர் அதற்காக நம்மைக் கடிந்துகொள்ளமாட்டார்.

மன்றாடுவோம்: ஆபிரகாம், சாராவின் கடவுளே, உம் வார்த்தையை எங்கள் வசதிக்கு வளைக்காமல் கேட்க வரம் தாரும். துன்புறுவோர்மீது கூடுதல் சுமை ஏற்றிய எங்கள் சொற்களை மன்னியும். தாங்கும் அளவுக்கு மேல் தாங்கிக்கொண்டிருப்பவர்களை நினைவுகூர்ந்து, எங்களையும் அவர்கள் அருகில் அனுப்பும். ஆமென்.